மாத்திரையும் மந்திரமும்

பழக்கம் மனிதனுக்கு நண்பனா, பகைவனா என்னும் கேள்வி மிகப் பழமையானது. சீர்திருத்தம் பேசுவோராகிய நாம் அதற்குப் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் கூறி வந்திருக்கிறோம். பாட்டன் செய்தான் என்பதற்காகப் பேரன் செய்வது அறிவுடைமையாகாது. காரணம் கேளாமல் செய்யுங் காரியம் எதுவாயினும் அது மனிதனைச் செக்கு மாடாக்கி விடும். ஆகவே பழக்கமே பகைவன் என்று மேடைதோறும் முழங்கினோம், பத்திரிகைதோறும் எழுதினோம். இதில் பொய் ஏதுமில்லை. ஆயினும் முழு உண்மையும் இதில் அடங்கிவிடவில்லை. அதனை எடுத்துக்காட்டுதற்கு நம் காலத்து நோயொன்றையும் அதன் சிகிச்சையையும் இங்கே ஆராய்வது தகும். அந்நோய் எச்.ஐ.வி. என்னும் கிருமியால் வருவது. அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் நம்மவரிற் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சமே இதை எழுதுவதற்குப் போதிய காரணமாகும்.

இச்சிகிச்சையில் நோயுற்றவன் செய்யவேண்டியது யாது? பெரும்பாலோர் ஒவ்வொரு நாளும், ஏறக்குறைய ஒரே வேளையில், தவறாமல் மருந்துண்ண வேண்டும். உடல் நலிந்திருக்கையில் மட்டுமல்லாமல், திடமாயிருக்கையிலும் உண்ண வேண்டும். ஒரு மாதம் இரண்டு மாதமென்று கணக்கிடாமல் ஆயுள் உள்ளளவும் உண்ண வேண்டும். இதனைக் கேட்ட வைதிக நண்பர் ஒருவர் நம்மைப் பார்த்து நகைத்து, "காலையும் மாலையும் சந்தி செய்கிறவனை மூடன் என்றீர்கள், வெள்ளிதோறும் விரதமிருப்பவளை அறியாதவள் என்றீர்கள். இப்பொழுது நீங்களே வேளை தவறாத ஒரு சடங்கை விதிக்கிறீர்களே! எங்கள் மந்திரத்துக்கும் உங்கள் மாத்திரைக்கும் என்ன வேற்றுமை?" என்று வினவலாம். வினா நியாயமானதே. அதற்கு விடை கூறாமல் நழுவுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

மூன்று வேற்றுமைகள்

முதலாவது, மாத்திரை தன் காரணத்தைச் சொல்லும், மந்திரம் சொல்லாது. இக்கிருமி, மருந்தில்லாத உடலில் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் பெருகுகின்றது. பெருகும்போது தன்னைத்தானே படியெடுத்துக் கொள்கிறது. அப்படியெடுப்பில் பிழைகள் மலிந்திருக்கும். அப்பிழைகளுள் ஏதேனும் ஒன்று, தற்செயலாக, மருந்துக்கு அடங்காத தன்மையைக் கிருமிக்குத் தந்துவிடலாம். இரத்தத்தில் மருந்து நிறைந்திருக்கும் வரையில் கிருமி பெருகுவதில்லை. பெருகாத கிருமி பிழை செய்வதுமில்லை. மருந்து குறைந்து, ஆனால் முற்றும் இல்லாமற் போகாமல் இருக்கும் நாட்களே ஆபத்தான நாட்கள். அந்நாட்களில் மருந்துக்கு அடங்கும் கிருமிகள் ஒடுங்க, அடங்காதவை தழைத்தோங்குகின்றன. தோட்டத்துச் செக்ரோலில் அரைப்பேர் போட்டவனுக்கு அரைக் கூலியாவது உண்டு. இம்மருந்திலோ அரைப்பேருக்கு அரைப்பயன் என்பது நிச்சயமில்லை. சில சமயங்களில் அது கிருமிக்கே கூலி கொடுத்ததாக முடியும். இக்காலத்து மருந்துகள் ஒரு வேளைத் தவறுதலைப் பெரும்பாலும் பொறுத்துக் கொள்கின்றன. தவறுதலே பழக்கமானால் எம்மருந்தும் பொறாது.

நலமடைந்த பின்னரும் ஏன் உண்ண வேண்டும் என்பதற்கும் காரணமுண்டு. இக்கிருமி சில உயிரணுக்களுக்குள்ளே உறங்கிக் கிடக்கின்றது. உறங்கும் கிருமியை மருந்து தொடுவதில்லை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களுக்குள் அது விழித்தெழுகின்றது. இடையிடையே நிறுத்தி ஓய்வு கொடுத்தால் உடலுக்கு நலமாகாதா என்றும் வைத்தியர்கள் சோதித்துப் பார்த்தனர். 33 நாடுகளில் 5,472 பேரைக் கொண்டு நடத்திய அச்சோதனையில், நிறுத்தி நிறுத்தி உண்டவர்களிடையே நோயும் மரணமும் மிகுந்ததைக் கண்டு, 2006-ஆம் ஆண்டில் அம்முறையைக் கைவிட்டனர். தான் விரும்பிய கருத்து பொய்யென்று கண்டதும் அதனைக் கைவிடுந் துணிவு எந்தச் சாஸ்திரத்துக்கு உண்டு?

இரண்டாவது வேற்றுமை, மாத்திரையின் பலனை அளந்து பார்க்கலாம். ஒரு துளி இரத்தத்தில் எத்தனை கிருமிகள் உள என்று எண்ணிச் சொல்லும் சோதனை இன்று உண்டு. சிகிச்சை சரிவர நடந்தால் அவ்வெண்ணிக்கை சோதனைக்கே எட்டாத அளவு குறைந்துவிடும். அந்நிலையிலிருப்போர் தம் துணைவர்க்கு உடலுறவு வழியாக நோயைக் கொடுப்பதில்லை என்பது 2016-லும் 2019-லும் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று; ஆயிரத்துக்கு மேற்பட்ட தம்பதிகளையும் துணைவர்களையும் கவனித்ததில், அவ்வாறு பரவியது ஒன்றுகூட இல்லை. ஆகவே இம்மாத்திரை உண்பவனை மட்டும் காப்பதன்று. அவனை நேசிப்பவளையும் காப்பது.

மூன்றாவதும் முதன்மையானதும் யாதெனில், மந்திரம் மாறாது, மாத்திரை மாறும். 1987-ல் அமெரிக்காவில் முதன்முதல் அனுமதி பெற்ற ஜிடோவுடின் என்னும் மருந்தை நான்கு மணிக்கொருமுறை, நள்ளிரவிலும் விழித்தெழுந்து உண்ண வேண்டியிருந்தது. அது தனித்து நின்றபடியால் கிருமி அதனை விரைவிலே வென்றது. 1996-ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்குமுறை பரவியது. அவற்றுள் இண்டினாவிர் என்பதை எட்டு மணிக்கொருமுறை வெறும் வயிற்றில், சிறுநீரகத்தில் கல் சேராதிருக்க நிரம்பத் தண்ணீர் குடித்து, உண்ண வேண்டும். 2006-ல் மூன்று மருந்தும் ஒரே மாத்திரையாகி, நாளுக்கு ஒரு முறை என்றாயிற்று. 2019-ல் டொலுடெக்ராவிர் என்னும் மருந்தைக் கொண்ட சேர்க்கையை உலகச் சுகாதார நிறுவனம் முதல் வரிசையில் வைத்தது. இன்று இரண்டு மாதத்துக்கொருமுறை போடும் ஊசியும் சில நாடுகளில் வழங்குகின்றது. எந்தச் சடங்காவது இவ்வாறு ஆறு வேளையிலிருந்து ஒரு வேளையாகி, பின்னர்த் தன்னையே ஒழித்துக்கொள்ள வழி தேடியதுண்டா? சடங்கு வளரும், அறிவு நியமித்த பழக்கம் சுருங்கும். இவ்விரண்டையும் இனம் காண இதைவிட நல்ல உரைகல் நாம் அறியோம்.

அன்றாட வாழ்வின் கை

எனினும் மாத்திரையையும் மந்திரமாக்கிவிடும் வல்லமை நம் ஜனங்களுக்கு உண்டு. எவ்வாறெனில், காரணத்தை மறந்து காரியத்தை மட்டும் பற்றிக்கொள்வதால்.

உணவையே எடுத்துக்கொள்வோம். எஃபவிரென்ஸ் என்னும் பழைய மருந்தை இரவில் படுக்கப் போகும்போது வெறும் வயிற்றில் உண்பதே முறை. கொழுப்பு மிகுந்த உணவோடு சேர்ந்தால் அது இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சி ஏறி மயக்கத்தையும் கெட்ட கனவுகளையும் பெருக்கும். ரில்பிவிரின் என்னும் வேறொரு மருந்தோ இதற்கு நேர்மாறானது. வயிறார உண்ட சாப்பாட்டோடு உண்டாலன்றி அது உடலிற் போதுமான அளவு சேராது. ஒரு டம்ளர் தேநீரும் இரண்டு பிஸ்கோத்தும் சாப்பாடாகா. இப்போது, பத்தாண்டுக் காலம் முதல் மருந்தை உண்டு பழகியவர் ஒருவருக்கு வைத்தியர் இரண்டாம் மருந்தை மாற்றிக் கொடுத்தாரென்று வைத்துக்கொள்வோம். அவர் பழைய வழக்கப்படியே வெறும் வயிற்றில் விழுங்கிப் படுத்தால் என்னாகும்? வேளை தவறவில்லை, நாள் தவறவில்லை, பக்தி சிறிதும் குறையவில்லை. ஆயினும் மருந்து குறைந்துவிட்டது. நேற்றுவரை அவரைக் காத்த பழக்கமே இன்று அவரைக் கெடுக்கின்றது. பழக்கத்தின் காரணத்தை அறியாதவன் மாற்றம் வரும்போது பழக்கத்தாலேயே தோற்பான் என்னும் பேருண்மை இச்சிறு மாத்திரையில் அடங்கியிருக்கிறது.

டொலுடெக்ராவிரை உணவோடும் உண்ணலாம், உணவின்றியும் உண்ணலாம். ஆனால் வயிற்றெரிச்சலுக்கு நாம் கடையில் வாங்கி விழுங்கும் அலுமினியமும் மக்னீசியமும் கலந்த மருந்துகள் அதனைப் பற்றிக்கொண்டு இரத்தத்திற் சேரவொட்டாமல் தடுக்கும். ஆகையால் அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக, அல்லது ஆறு மணி நேரம் பின்னதாகவே டொலுடெக்ராவிரை உண்ண வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் அவ்விதியே. சாப்பாட்டோடு உண்டால் மட்டும் இரண்டையும் சேர்த்தே உண்ணலாம். நீரிழிவு நம்மவர் வீடுகளில் அழையாத விருந்தாளி. அதற்குரிய மெட்ஃபார்மின் மருந்தின் அளவை டொலுடெக்ராவிர் இரத்தத்தில் உயர்த்துவதால், மெட்ஃபார்மினை நாளொன்றுக்குப் பெரும்பாலும் 1,000 மில்லிகிராமுக்கு மேற்படாமல் வைத்தியர்கள் கட்டுப்படுத்துகின்றனர். ஒரு கிளினிக்கில் எச்.ஐ.வி.க்கும் இன்னொரு கிளினிக்கில் நீரிழிவுக்கும் மருந்து வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்கு மறைப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர். உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதப்படாத லேகியத்தையும் ஜாமுவையும் மறைத்துத் தின்பவர்க்கும் இதுவே சொல்லத்தக்கது.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கள்ளும் சம்சுவும் குடும்பங்களை எவ்வாறு அழித்தன என்பதை நம் தோட்டங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. குடியை நாம் வெறுக்கிறோம். ஆயினும் நோயாளிகள் சிலர், "இன்று குடித்துவிட்டேன்; மாத்திரையும் சேர்ந்தால் விஷமாகும்" என்றெண்ணி அன்று மாத்திரையை விட்டுவிடுகின்றனர். இது தவறு. குடித்த குற்றத்துக்கு மாத்திரையை விடுவது பிராயச்சித்தமாகாது. ஒரு கெடுதலை இரண்டாக்குவதே ஆகும். விரத நாளில் மாத்திரையை விடுவதும் இத்தகையதே. எந்தத் தெய்வமும் ஒரு மாத்திரையின் மேல் பொறாமை கொள்ளுமாயின் அத்தெய்வத்தைப் பற்றி நாம் சொல்லவேண்டியது வேறொன்றுமில்லை.

மாற்றம் துரோகமா?

இனி மருந்தை மாற்றும் விஷயம். "இத்தனை நாள் என் உயிரைக் காத்த மருந்து, இதை விடலாமா? இது என் கைராசி" என்று சிலர் பழைய மாத்திரையைப் பற்றிக்கொள்கின்றனர். டெனோஃபோவிரின் பழைய வடிவம் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கக் கூடியது. எஃபவிரென்ஸ் சிலருடைய தூக்கத்தையும் மன அமைதியையும் குலைப்பது. இவற்றைச் சகித்துக்கொண்டு வாய்மூடி இருப்பதை நன்றியென்று கருதுவது பேதைமை. நன்றி மருந்துக்கன்று, மருந்தைக் கண்டுபிடித்த அறிவுக்கே உரியது. அவ்வறிவே இன்று மேலானதைக் காட்டுகிறதெனில், மாறுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

இதற்கு எதிர்க்கோடியில் நிற்போரும் உளர். புதிதெல்லாம் நல்லதென்று கருதி, அண்டை வீட்டான் சொல்லைக் கேட்டுத் தாமாகவே ஒன்றை நிறுத்தி ஒன்றைத் தொடங்குவோர் இவர். அவர் அறியவேண்டுவன சில உண்டு. புதிய மருந்துக்கும் குறையுண்டு; டொலுடெக்ராவிர் உண்போரிற் சிலர்க்கு உடல் எடை கூடுகின்றது. எஃபவிரென்ஸ் சேர்ந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், மற்ற இரு மருந்துகளும் சில நாட்களில் நீங்க, எஃபவிரென்ஸ் மட்டும் வாரக் கணக்கில் தனித்து நிற்கும். தனித்த காவலனைக் கிருமி எளிதில் வெல்லும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியையும் அடக்கி வைப்பவை. அந்நோயும் உடையவர் அவ்விரண்டையும் விட்டால் ஈரல் நோய் சீறியெழலாம். முன்னொரு காலத்தில் எதிர்ப்புக் கொண்ட கிருமி உயிரணுக்களில் பழைய கடன் பத்திரம்போல் உறங்கிக் கிடக்கும். இருபதாண்டுக்கு முன் உண்ட மருந்தின் பெயர்கூட இன்றைய மாற்றத்துக்கு வேண்டியதாகலாம். ஆதலால் மாற்றத்துக்கு முன் பழைய கணக்கு முழுவதையும் பார்க்க வேண்டும்; மாறிய பின் ஓரிரு மாதத்தில் இரத்தத்தைச் சோதித்து விளைவை அறிய வேண்டும்.

பழையதென்பதற்காகப் பற்றுபவனும், புதியதென்பதற்காகத் தாவுபவனும் ஒரே குற்றத்தைத்தான் செய்கின்றனர். இருவரும் காரணத்தைக் கேட்கவில்லை. வைதிகனும் நாகரிகப் பித்தனும் உடன்பிறந்தார் என்பது இதனால் விளங்கும். காரணம் கேட்டுப் பழகுதலும், காரணம் மாறினால் பழக்கத்தை மாற்றுதலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே சுயமரியாதையுள்ள வாழ்வு.

வினைப்பயன் வாதம்

"இதெல்லாம் முன்வினைப் பயன், மருந்தால் ஆவதென்ன?" என்பார்க்கும் ஒரு விடை வைத்திருக்கிறோம். மலேசியாவிலும் இந்தியாவிலும் இந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-ல், சிங்கப்பூரில் 1985-ல். இந்தியாவில் அதனைக் கண்டறிந்தவர்கள் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும். அக்காலத்தில் நோயுள்ள தாய்மாரின் குழந்தைகள் பல நோயோடு பிறந்தன. பிறந்த சிசு என்ன பாவம் செய்தது என்று கேட்டால், முற்பிறப்பைக் காட்டினர். ஆனால் தாய்க்கும் சேய்க்கும் மருந்து கொடுத்தால் நோய் பரவுவது மூன்றில் இரண்டு பங்கு குறைகிறதென்பது 1994-லேயே தெரியவந்தது. பின்னர் மருந்துகள் மேம்பட, தாயிடமிருந்து சேய்க்கு நோய் பரவுவதை ஒழித்த நாடென்று மலேசியா 2018-லும், இலங்கை 2019-லும் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றன. முன்வினையென்றால் அது 1994-க்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் ஏன் இரக்கம் காட்டத் தொடங்கியது? ஒரு மாத்திரைக்கு அஞ்சி ஓடும் வினையை வினையென்று சொல்வதைவிட அறியாமையென்று சொல்வதே பொருந்தும்.

நான்காம் பகுதி

திருக்குறளில் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் அங்கே வகுத்திருக்கிறார். இந்நால்வகையில் மூன்று இன்று எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. ஆண்டுக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விற்ற மருந்தை 2001-ல் இந்தியக் கம்பெனியொன்று 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதன் பின்னர் ஏழைகள் கைக்கும் மருந்து எட்டியது. வைத்தியரும் உளர். பின்தங்கியிருப்பது நான்காம் பகுதி. அருகிருந்து கொடுப்பவர் யார்? குடும்பம், அண்டை வீடு, வேலைத்தலம், சங்கம். சுருங்கச் சொன்னால் நாம்.

நோயாளியின் அன்றாடப் பழக்கத்தால் சிகிச்சை கெடுகிறதென்று பேசுவோர், நம் அன்றாடப் பழக்கத்தால் அது எவ்வளவு கெடுகிறதென்பதைப் பேசுவதில்லை. லயத்து வீடொன்றில் மூன்று தலைமுறை ஒன்றாய் வாழும் குடும்பத்தில் ஒரு தாய் இந்நோயோடு இருக்கிறாளென்று வைத்துக்கொள்வோம். மாத்திரைப் போத்தலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள். மாமியார் சமையற்கட்டை விட்டு அகலாத நாளில் மாத்திரை தவறுகிறது. ஊர்க் கிளினிக்கில் தெரிந்தவர் பார்ப்பாரென்று அஞ்சி அடுத்த டவுனுக்குப் பஸ் ஏறுகிறாள்; கூலி போய்விடுமே என்று ஒரு மாதம் போகாமலிருக்கிறாள். "ஒழுங்காகச் சாப்பிட்டாயா?" என்று வைத்தியர் கேட்கையில், ஏச்சுக்கு அஞ்சி, "சாப்பிட்டேன்" என்கிறாள். வைத்தியர் மருந்து தோற்றதென்று முடிவுசெய்து, அவளுக்குத் தேவையில்லாத கடுமையான மருந்துக்கு மாற்றுகிறார். பொய்க் கணக்கின்மேல் எழுதிய தீர்ப்பு அது. அப்பொய்யை அவள் வாயில் வைத்தவர் யார்?

அவள் மறைப்பது வீண் அச்சத்தால் அன்று. 2019 ஜனவரியில் சிங்கப்பூரின் நோயாளிப் பதிவேட்டிலிருந்து 14,200 பேருடைய விவரங்கள் இணையத்தில் வெளியானதாக அரசாங்கமே அறிவித்தது. பதிவேட்டுக்குள் இருந்த பெயருக்கே காவலில்லையெனில், லயத்து வாசலில் உலவும் பெயருக்குக் காவல் ஏது?

நோயுற்றவருக்குக் கடமையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. மாத்திரையைத் தவறாமல் உண்பதும், உண்மையை வைத்தியரிடம் உரைப்பதும் அவர் தமக்கும் தம்மைச் சேர்ந்தவர்க்கும் செய்யவேண்டிய கடமைகள். ஆனால் கடமையைக் கேட்க உரிமையுடையவர், அதைச் செய்ய இடங்கொடுத்தவரே. தனி டம்ளர் வைத்துவிட்டு, "ஏன் மறைத்தாய்?" என்று கேட்பவனுக்கு அவ்வுரிமை கிடையாது. அத்தனி டம்ளரை நாம் நன்கு அறிவோம். ஊரில் சாதியின் பேரால் நம் முன்னோர்க்கு நீட்டப்பட்ட டம்ளர் அதுவே. கப்பலேறி வந்தும் அதை உடைக்க நமக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின! ஒன்றாக உண்பதாலும், ஒரே பாத்திரத்தில் நீர் அருந்துவதாலும், கைகுலுக்குவதாலும் இந்நோய் பரவாது என்பது ஐயமறத் தெரிந்த பின்னும் அந்த டம்ளரை வேறொருவருக்கு நீட்டுவோமானால், நாம் சீர்திருத்தம் என்று பேசியதெல்லாம் நமக்கு மட்டும் கேட்ட சலுகையாக முடியும்.

ஆகவே அன்பர்களே, வைதிக நண்பரின் கேள்விக்கு விடை இதுதான். காரணம் கேட்டால் கோபிப்பது மந்திரம். காரணம் கேட்டால் மேலும் நன்றாக வேலை செய்வது மாத்திரை. நோயாளி தன் பழக்கத்தை மருந்துக்கேற்ப மாற்றிக்கொள்ளச் சித்தமாயிருக்கிறார். வைத்தியர் மருந்தை நோயாளிக்கேற்ப மாற்றச் சித்தமாயிருக்கிறார். மாறவேண்டியவர்களில் மீதி நிற்பது நாம் ஒருவரே. உங்கள் வீட்டிலோ, லயத்திலோ, ஆபீசிலோ இம்மாத்திரையை உண்பவர் ஒருவர் இருக்கலாம். அவர் யாரென்று துருவ வேண்டாம். அவர் ஒளியாமல் எடுத்து உண்பதற்கு ஒரு டம்ளர் தண்ணீரும், கேள்வி கேளாத ஒரு முகமும் உங்களிடம் இருந்தாற் போதும்.